துயருக்கு ஈடில்லாதிருந்த சட்டம்

கல்முனை முதலிய கரையூர் முஸ்லிம்களின் மணவினையும் மரபுரிமையும் 1806ஆம் ஆண்டுத் தொகுப்பின் வழிவந்த தனிச்சட்டங்களுக்கு உட்பட்டவை. ஆயின், மருத்துவரின் கவலையீனத்தால் உயிர் மாய்ந்ததென நட்டஈடு கோருவோர், எச்சமயத்தவராயினும், 2019 வரை உரோமன் டச்சுச் சட்டத்தையே நாடவேண்டியிருந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அக்குயிலியச் சட்டம் அதன் வேர். பிறனுடைய அடிமையையோ கால்நடையையோ கொன்றவன் உடையவனுக்குப் பணம் இறுக்கவேண்டுமென்பதே அதன் தொடக்கம்! ஆகவே அது பொருளிழப்பையே அளக்கும்.

பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கிலே இவ்வளவுகோல் தெளிவாயிற்று. 1992இல் மூளைத்தண்டுக் கட்டியால் ஒரு சிறுமி இறந்தாள். தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா விதித்தது; மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், கவலையீனம் உண்டெனக் கண்டும், மரணம் அதனால் விளைந்ததென நிறுவப்படவில்லையென்று வழக்கையே தள்ளியது. பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கு ஈடளிக்கச் சட்டம் இடந்தராதென்றும் உரைத்தது.

கலிபோர்னியச் சட்டமன்றம் 1975இல் இத்தகைய துயரீட்டுக்கு 250,000 டொலர் உச்சவரம்பு விதித்தது. 2023 முதல் அவ்வரம்பு உயர்ந்தது. இலங்கையில் 2019 வரை அப்படியொரு வரம்பை எழுதவேண்டிய தேவையே எழவில்லை. உழைக்கும் வயதடையாத பிள்ளையை இழந்த கல்முனைத் தாய், அதுவரை வைத்தியச் செலவையும் ஜனாஸாச் செலவையுமே கணக்கிற் காட்டமுடிந்தது.