இரண்டு பத்திக் கணக்கு: டோனி மாரிசனின் 'பிலவ்ட்'

வணிகவியல் மாணவர்களுக்குத் தாளின் நடுவே கோடு போட்டுப் பற்று, வரவு எழுதுவது பழகிய வேலை. 1987-ல் வெளியான 'பிலவ்ட்' நாவலிலும் அப்படி ஒரு தாள் வருகிறது. பண்ணையை நடத்தும் 'ஸ்கூல்டீச்சர்' என்பவன், சேத் என்ற அடிமைப் பெண்ணின் மனிதக் குணங்களை ஒரு பக்கமும் மிருகக் குணங்களை மறுபக்கமும் எழுதச் சொல்கிறான். அதற்கான மையைத் தயாரித்ததே சேத்தான்!

இந்த நாவலுக்குப் பின்னால் ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது நண்பர்களே. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற பெண், கணவர், குழந்தைகளோடு கென்டக்கியிலிருந்து தப்பி, உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்கு வந்தார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும், மீண்டும் அடிமையாக விடக்கூடாது என்று தன் இரண்டு வயது மகளைக் கொன்றுவிட்டார்.

அடுத்து எழுந்த கேள்விதான் முக்கியம். கொலை வழக்குப் போட்டால் அவர் ஒரு மனிதர் என்று ஒப்புக்கொண்டதாகும். தப்பியோடியவர் என்றால் வெறும் சொத்து. அதனால் அடிமை ஒழிப்பாளர்களே கொலை வழக்கைக் கேட்டார்கள்! ஆனால் 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அவர் உரிமையாளரிடமே திருப்பி அனுப்பப்பட்டார். 1858-ல் டைபாய்டில் இறந்தார்.

நாவலின் கதை 1873-ல் தொடங்குகிறது. 1865-லேயே அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் அடிமைமுறையை ஒழித்துவிட்டது. ஆனாலும் சேத்தின் முதுகில் சவுக்கடித் தழும்பு மரம் போலக் கிளைவிட்டிருக்கிறது. நிழல் தரவேண்டிய மரம் இங்கே அவள் சுமக்கும் வலி. அவளோடு அதே பண்ணையில் இருந்த பால் டி, தன் நினைவுகளை நெஞ்சுக்குள் துருப்பிடித்த புகையிலை டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறான். வீட்டு எண் 124. அதில் 3 இல்லை. சேத் கொன்றது அவளுடைய மூன்றாவது குழந்தையை.

என்னை அதிகம் உலுக்கியது வேறு இடம். பால் டி தன் விலை 900 டாலர் என்று தெரிந்துகொள்கிறான். சேத்தின் விலை அதைவிட அதிகம், ஏனென்றால் அவள் பிள்ளை பெறுவாள். நாம் தேர்வுக்குப் படிக்கும் 'சொத்து மதிப்பீடு' மனிதர்கள்மேல் நடந்திருக்கிறது!

பேரேட்டை முடித்தாலும் மீதி அடுத்த ஆண்டுக்குப் போகும் அல்லவா? சட்டம் 1865-ல் கணக்கை முடித்தது. தீராத மீதிதான் அந்த வீட்டுக்குப் பேயாகவும் பிறகு ஓர் இளம்பெண்ணாகவும் திரும்பி வருகிறது. விலங்கு கழன்றபிறகும், 'நான் எனக்கே சொந்தம்' என்று நம்ப சேத்துக்கு இன்னும் பல வருடங்கள் தேவைப்படுகின்றன. விடுதலையைப் பற்றி இந்த நாவல் சொல்வது அதைத்தான். வாய்ப்புக் கிடைத்தால் அவசியம் படியுங்கள்.