ஆசாரி வீட்டுப் பிள்ளையும் எங்க நடைவண்டியும்

போன மாசம் மாட்டுக்கொட்டகையைப் பிரிச்சோம். பரண்ல இருந்து பழைய கட்டை வண்டியோட ரெண்டு வட்டையும், ஒடிஞ்ச ஏர்க்கால் ஒண்ணும், கொஞ்சம் பலகைத் துண்டும் கிடைச்சது. வட்டைன்னா வண்டிச் சக்கரத்தோட வெளி வளைவு. நடுவுல குடம், அதுல இருந்து 12 ஆரக்கால், அதைச் சுத்தி 6 வட்டை, அதுக்கு மேல இரும்புப் பட்டா. எங்க வண்டிச் சக்கரம் அப்படித்தான் இருந்தது.

வீட்டுல அடுப்புக்கு ஆகும்னாங்க. பேத்திக்கு பத்து மாசம், சுவத்தைப் பிடிச்சு நிக்கிறா. நடைவண்டி செய்யலாம்னு எடுத்து வச்சேன்.

நகரத்துல பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்றேன். நடைவண்டிக்கு மூணு சக்கரம்: முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு. நிமிர்ந்து நிக்கிற கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு குழந்தை தள்ளிக்கிட்டே நடக்கும். நாலு சக்கரம் வச்சா மேடுபள்ளமான மண் தரையில ஒரு சக்கரம் அந்தரத்துல நின்னு வண்டி ஆடும். மூணு சக்கரம்னா எந்தத் தரையிலயும் மூணும் பதியும். முக்காலி ஆடாம நிக்கிற அதே கணக்குதான்.

இந்தக் கணக்கு இன்னிக்கு நேத்திக்கு வந்தது இல்லை. எங்க ஊர்ல இருந்து பூம்புகார் பக்கம். அந்த ஊரைப் பாடின பட்டினப்பாலையில, பிள்ளைங்க குதிரை இல்லாம உருட்டுற மூணு கால் சிறுதேர் வருது. காயவச்ச தானியத்தைக் கொத்த வர்ற கோழியை விரட்ட, பொம்பளைங்க காதுல கிடக்கிற கனமான குழையைக் கழட்டி எறிவாங்களாம். அந்தக் குழை வழியில கிடந்து சிறுதேரை மறிக்குமாம். எங்க வாசல்ல கோழிக்கு விளக்குமாறுதான் பறக்கும். ஆனா வண்டி அதே வண்டி.

குறுந்தொகை 61-ஆம் பாட்டுலயும் தச்சன் செஞ்ச குட்டி வண்டி இருக்கு. ஏறிப் போக முடியாட்டியும் கையால இழுத்தே பிள்ளைங்க சந்தோஷப்படுறாங்க. பிறகு வந்த பிள்ளைத்தமிழ்ல ஆண் பிள்ளைக்குக் கடைசிப் பருவமே சிறுதேர்தான். பெண் பிள்ளைக்கு அம்மானை, ஊசல் எல்லாம் உண்டு, தேர் கிடையாது. என் பேத்தி அந்த வழக்கத்தை மீறட்டும்.

ஆனா என்னைத் தூங்கவிடாம பண்ணினது பெரும்பாணாற்றுப்படை. பட்டினப்பாலை பாடின கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் இதையும் பாடினார். அதுல உழவர் வீடு ஒண்ணு வருது. ஏணி எட்டாத உயரத்துக்கு நெல்லுக்கூடு இருக்கிற வீடு. அந்த வீட்டுப் பிள்ளை சிறுதேரை உருட்டுது. அது எவ்வளவு அழகுன்னா, தச்சன் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படுற மாதிரி செஞ்சதாம். வேலையோட நேர்த்தியைச் சொல்லத்தான் அப்படிப் பாடியிருக்கார். எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு. செஞ்சவன் தச்சன். உருட்டுறது உழவன் பிள்ளை. தச்சன் பிள்ளை பார்த்துக்கிட்டு நிக்குது.

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்.

எங்க ஊர் ஆசாரித் தாத்தாவுக்கு வேலைக்கு வேலை காசு கிடையாது. போகத்துக்கு ஆறு மரக்கால் நெல்லு, எங்க வீட்டுக் கணக்கு. அறுப்பு முடிஞ்சதும் களத்துலயே அளந்து கொடுப்போம். அதுக்கு அவர் கலப்பை, நுகத்தடி, வண்டி எல்லாம் பார்த்துக்கணும். நடைவண்டி அந்தக் கணக்குல வராது. வண்டி வேலையில மிஞ்சின துண்டை வச்சு எங்க அண்ணன் நடக்கிறதுக்காக அவரே செஞ்சு கொடுத்தது. எங்க வீட்டுல அஞ்சு பிள்ளைங்க அதுல நடந்தோம்.

அவர் பேரன் என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். தாத்தாகூட வருவான். எங்க வண்டியைத் தொட்டுத் தள்ளுவான். நான் பிடுங்கிக்குவேன். அவங்க வீட்டுல ஒரு நடைவண்டி இருந்து நான் பார்த்ததே இல்லை.

நான் ஏழாவது படிக்கும்போது டயர் வண்டி வாங்கினோம். சக்கரம், அச்சு எல்லாம் கடையில கிடைச்சது. அப்புறம் உழவுக்கு டிராக்டர் வந்தது. அந்தப் போகம் அப்பா மூணு மரக்கால்தான் அளந்தார். ரெண்டு வருஷம் கழிச்சு அதுவும் இல்லை. ஆசாரித் தாத்தா ஒண்ணும் கேக்கலை. சாக்கை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போனார்.

பிளாஸ்டிக் வந்ததால மரவண்டி போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க ஊர்ல அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. கட்டை வண்டி நின்னதும் மிச்சத் துண்டு நின்னது. துண்டு இல்லாம பொம்மை எங்க இருந்து வரும்?

சரி, என் வேலைக்கு வர்றேன். உருண்டையா இருக்கேன்னு வேலியில நின்ன பூவரசங்கிளையைத் துண்டு துண்டா அறுத்து சக்கரம் ஆக்கினேன். பத்தே நாள்ல நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் பிளந்துடுச்சு. மரம் காயும்போது வளையத்தைச் சுத்திதான் அதிகமா சுருங்கும், அதனால குறுக்கே அறுத்த வட்டம் வெடிக்கும். பிறகு காஞ்ச வட்டையில நெடுக்குவாட்டுல நாலு அங்குலச் சக்கரம் மூணு எடுத்தேன். கருவேலம், ரம்பம் திணறிடுச்சு. வைக்கோல் கரியை விளக்கெண்ணெய்ல குழைச்சு அச்சுக்கு மை போட்டேன்.

ஆசாரித் தாத்தா பேரன் இப்ப சென்னையில சென்ட்ரிங் வேலை பார்க்கிறான். கோயில் திருவிழாவுக்கு வந்தவன் வீட்டுக்கும் வந்தான். வண்டியைத் தலைகீழா கவுத்துப் பார்த்தான்.

"அண்ணே, ஓட்டை பெருசாயிடுச்சு. சக்கரம் ஆடுது பாருங்க."

உளியை வாங்கி, சிலாம்பு செதுக்கி இறுக்கி, கால் மணி நேரத்துல சரி பண்ணிட்டான். கூட வந்த அவன் பேத்தி அதுக்குள்ள கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, விடமாட்டேங்குது. அவன் அதட்டி இழுத்தான். நான் தடுத்தேன்.

அந்த வண்டி அவங்க வீட்டுக்குப் போயிடுச்சு. பழைய கணக்கு இதுல தீராது, எனக்கே தெரியும். இன்னொரு வட்டை மிச்சம் இருக்கு. பேத்தி நடக்கிறதுக்குள்ள முடிச்சாகணும்.