தூங்கிய வக்கீலும் தூங்காத இயந்திரமும்

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் மாநகரிலே தாமஸ் பர்னார்டிஸ்டன் என்றொரு வக்கீல் இருந்தார். கோர்ட்டில் உட்கார்ந்து நீதிபதிகள் சொல்லும் தீர்ப்புகளைக் குறிப்பெடுத்து, பிறகு புத்தகமாக அச்சிடுவது அவர் வழக்கம். அந்தக் காலத்தில் இப்படி யாராவது ஒருவர் சிரத்தையோடு எழுதி வைத்தால்தான் தீர்ப்பு பிழைத்தது. இல்லாவிட்டால் காற்றோடு போயிற்று. பாவம், பர்னார்டிஸ்டனுக்கு ஒரு பலவீனம். நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தபடியே தூங்கி விடுவாராம். குறும்புக்கார இளம் வக்கீல்கள் அதில் வாய்க்கு வந்ததையெல்லாம் கிறுக்கி வைக்க, மனிதர் விழித்தெழுந்து அதையும் சேர்த்தே அச்சுக்குக் கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ, பொய்யோ! அவருடைய சான்சரி கோர்ட்டுத் தீர்ப்புத் திரட்டைத் தம் முன்னால் யாரும் எடுத்துக் காட்டக் கூடாதென்று பிரதம நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு தடுத்தது மெய்.

ஒரு புத்தகத்தின்மேல் இத்தனை கோபமா என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆங்கிலச் சட்ட முறையில் நேற்றைய தீர்ப்பு இன்றைய வழக்கைக் கட்டும். புத்தகத்தில் ஒரு வரி பிசகினால், எங்கேயோ ஓர் ஏழைக் குடியானவனின் நிலம் கைமாறி விடும். ஆகவேதான் எடுத்துக் காட்டும் தீர்ப்பைச் சரிபார்ப்பது வக்கீல் தொழிலில் பாதி வேலையாக இருந்து வந்திருக்கிறது. 1873-இல் அமெரிக்காவில் பிராங்க் ஷெப்பர்டு என்பவர் இதையே ஒரு வியாபாரமாக்கினார். இன்ன தீர்ப்பைப் பின்னால் இன்னின்ன கோர்ட்டுகள் எடுத்தாண்டன என்பதைப் பசை தடவிய சிறு சீட்டுகளில் அச்சிட்டு விற்றார். வக்கீல்கள் அவற்றைப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டி வைத்துக் கொள்வார்கள். அலுப்புத் தட்டும் வேலைதான். ஆனால் அந்த அலுப்புக்குத்தான் கட்சிக்காரர் பணம் கொடுத்தார்.

இனி நியூயார்க்குக்குப் போவோம். 2019 ஆகஸ்டு மாதத்தில், எல் சால்வடாரிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா விமானத்தில், உணவு கொண்டு வரும் உலோகத் தள்ளுவண்டி ஒரு பிரயாணியின் முழங்காலில் இடித்து விட்டது. அவர் நஷ்டஈடு கேட்டார். சர்வதேச விமானப் பிரயாணத்தில் காயம் பட்டவர் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டுமென்பது மான்ட்ரியால் உடன்படிக்கையின் விதி. இந்தப் பிராது தாக்கலானதோ 2022 பிப்ரவரியில். இடையிலே கம்பெனி திவால் மனுப் போட்டிருந்ததால் அந்தக் காலத்தைக் கழித்துவிட வேண்டுமென்று பிரயாணியின் தரப்பு வாதாடியது. அதற்கு ஆதாரமாக முன்தீர்ப்பு ஒன்று வேண்டுமே!

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் பெற்ற வக்கீல் அவர். தமக்குப் பழக்கமில்லாத சட்டத் துறையில் தேடப் புகுந்தவர், சாட்ஜிபிடி என்ற புது இயந்திரத்திடம் கேட்டார். அது கேட்டதையெல்லாம் கொடுத்தது. வழக்கின் பெயர், திரட்டின் எண், பக்கம், நீதிபதிகளின் பெயர் எல்லாம் சுத்தமாக இருந்தன. அப்போது அந்த இயந்திரம் புத்தக அலமாரியைத் தேடி எடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோத்துக்கொண்டே போவது. தீர்ப்புப் போலத் தோன்றுவதை அது அழகாக எழுதும். அப்படி ஒரு தீர்ப்பு உண்டா என்பது அதன் கவலையன்று.

எதிர்க்கட்சி வக்கீல்கள் தேடிப் பார்த்துவிட்டு, இவற்றில் பலவும் எங்கேயும் கிடைக்கவில்லை என்று 2023 மார்ச்சிலேயே எழுதி விட்டார்கள். நகல்களைக் கொண்டு வாருங்கள் என்று நீதிபதி கெவின் காஸ்டல் ஏப்ரலில் உத்தரவிட்டார். வாய்தா கேட்ட வக்கீல் தாம் விடுமுறையில் இருப்பதாகக் காரணம் சொன்னார். உண்மையில் விடுமுறையில் இருந்தவர் அவருடைய சகா. பிறகு தாக்கலான நகல்களில் பலவும் இயந்திரம் எழுதிக் கொடுத்தவையே! அவற்றில் ஒன்று வர்கீஸ் என்பவர் சைனா சதர்ன் விமானக் கம்பெனிமேல் தொடர்ந்த வழக்காம். நம் பக்கத்து மலையாளக் கரைப் பெயராயிற்றே என்று ஆவலோடு படித்தால் தலை சுற்றும். தொடக்கத்தில் இறந்துபோன ஜார்ஜ் ஸ்காரியா வர்கீஸுக்காக சூசன் வர்கீஸ் கேட்கும் நஷ்டஈடு. சில வரிகள் கழித்து, விமானத்தைத் தவறவிட்ட அனீஷ் வர்கீஸ் என்பவரின் டிக்கெட்டுத் தகராறு! நாவல் எழுதுகிற எனக்கே இப்படிக் கதாநாயகனை நடுவில் மாற்றத் துணிவு வராது. பர்னார்டிஸ்டனின் நோட்டில் கிறுக்கியவர்கள் கூட இதைவிடக் கொஞ்சம் கவனமாக எழுதியிருப்பார்கள்.

'இந்த வர்கீஸ் வழக்கு உண்மைதானா?' என்று வக்கீல் இயந்திரத்தையே கேட்டிருக்கிறார். உண்மைதான் என்று அது பதில் சொல்லியிருக்கிறது. சந்தேகம் வந்திருக்கிறது பாருங்கள்! அந்தச் சந்தேகத்தோடு நாலு படி இறங்கி ஒரு சட்ட நூலகத்துக்குப் போயிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும்.

நீதிபதி இயந்திரத்தை உபயோகித்ததைக் குற்றமாகச் சொல்லவில்லை. நம்பகமான கருவியின் துணையை நாடுவதில் இயல்பாகவே தவறு ஒன்றும் இல்லை என்றே தீர்ப்பில் எழுதினார். கையெழுத்துப் போடுகிறவர் அதிலுள்ளதற்குக் காவல் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் கட்சி. மார்ச்சிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். எனக்கும் அதுதான் உறுத்துகிறது. ஏமாந்தவரிடம் இரக்கம் வருகிறது; ஏமாந்தது தெரிந்த பிறகு வாய்தா வாங்கியதிடம் வரவில்லை.

2023 ஜூன் 22-ஆம் தேதி, இரண்டு வக்கீல்களுக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்குமாகச் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விழுந்தது. எழுதாத தீர்ப்புகளை எழுதியதாகப் பெயர் ஏற்றப்பட்ட நீதிபதிகள் ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்லிக் கடிதம் அனுப்பவும் உத்தரவாயிற்று. கட்சிக்காரருக்கும் ஒரு கடிதம். முழங்காலில் அடிபட்ட அந்த மனிதரின் வழக்கு, காலங்கடந்து விட்டதென்று அதே நாளில் தள்ளுபடியாயிற்று.