பக்கவாதத்துக்குப் பிந்தைய சமநிலை மீட்பு

பக்கவாதத்துக்குப் பிந்தைய சமநிலை மீட்பு என்பது, மூளையின் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ ஒருவர் இழந்த உடற்சமநிலையை மீண்டும் பெறச் செய்யும் இயன்முறை மருத்துவப் பயிற்சி ஆகும். பக்கவாதம் நாட்டு வழக்கில் பாரிசவாயு எனவும் அழைக்கப்படுகிறது. உயிர் பிழைத்தவர் மீண்டும் நடமாடுவதும், விழுந்து எலும்பு முறியாமல் இருப்பதும் பெரிதும் இம்மீட்பையே சார்ந்துள்ளன.

காரணங்கள்

கண், உட்செவி, தசை மற்றும் மூட்டு உணர்வுகளை மூளை ஒருங்கிணைப்பதால் சமநிலை உண்டாகிறது. மூளையின் பாதிப்பால் ஒரு பக்கத் தசைகள் வலுவிழக்கலாம், உணர்வு குறையலாம். சிறுமூளை பாதிக்கப்பட்டால், கை கால்களில் வலு இருந்தும் நடை தள்ளாடும்.

மதிப்பீடு

பெர்க் சமநிலை அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. இதில் எழுந்து நிற்றல், திரும்புதல் முதலிய 14 செயல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளிகள், மொத்தம் 56. 45க்குக் குறைவாகப் பெறுவோர் விழும் வாய்ப்பு மிகுந்தோராகக் கருதப்படுவது வழக்கம்.

பயிற்சிகள்

திரும்பத் திரும்பச் செய்யும் செயலுக்கு ஏற்ப மூளை தன் இணைப்புகளை மாற்றி அமைத்துக்கொள்கிறது. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதன் பின்னரும் அது நின்றுவிடுவதில்லை. பயிற்சி பொதுவாகப் பின்வரும் வரிசையில் அமையும்.

* பிடிமானமின்றி உட்காருதல்
* நாற்காலியிலிருந்து எழுதல்
* வலுவிழந்த காலிலும் எடையைத் தாங்கி நிற்றல்
* நடத்தல், திரும்புதல், படி ஏறி இறங்குதல்

ஊன்றுகோலை நலமான கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நலமான காலையும், இறங்கும்போது வலுவிழந்த காலையும் முதலில் வைக்க வேண்டும். உதவுபவர் வலுவிழந்த பக்கத்தில் நிற்பது நன்று. பாதிக்கப்பட்ட கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு பாதிக்கப்படும்.

வாழ்க்கைத் தரம்

விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தால் பலர் வீட்டுக்குள்ளேயே முடங்குகின்றனர். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. இதற்கும் சிகிச்சை உண்டு. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, உயரமான கழிப்பிருக்கை, இரவு விளக்கு ஆகியவை விழும் வாய்ப்பைக் குறைக்கும்.

கடலூர் மாவட்டத்தில்

கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை உள்ளது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1985ல் தொடங்கப்பட்ட இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021ல் மாநில நல்வாழ்வுத் துறையின் கீழ் கொண்டுவரப்பட்டு அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆனது. எனினும் நடக்க இயலாதவரைச் சிற்றூர்களிலிருந்து பல வாரங்கள் தொடர்ந்து பயிற்சிக்கு அழைத்துவருவது குடும்பத்துக்குப் பெருஞ்சுமையாகும். தமிழக அரசு 2021 ஆகத்து 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் அடங்கும்.

குடும்பத்தாரின் பங்கு

குடும்பத்தாரே பயிற்சி அளிப்பது போதுமா என்பதை, இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 'அட்டென்ட்' ஆய்வு சோதித்தது. 2017ல் வெளியான இதன் முடிவின்படி, குடும்பத்தாருக்குக் கூடுதலாகப் பயிற்சி கற்பித்த பிரிவிலும் வழமையான சிகிச்சை பெற்ற பிரிவிலும் ஆறு மாதங்களுக்குப் பின் இறப்பு அல்லது பிறரைச் சார்ந்திருக்கும் நிலை ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தது. ஆகவே வீட்டார் தரும் துணை இன்றியமையாதது எனினும், அதனை இயன்முறை மருத்துவருக்கு மாற்றாகக் கொள்ள இயலாது.

இவற்றையும் பார்க்க

* பக்கவாதம்
* இயன்முறை மருத்துவம்
* உயர் இரத்த அழுத்தம்