ஊரைச் சொல்ல ஒரு மொழி

தாம்பரத்தில் நம்மிடம் ஆங்கிலம் பயிலும் சிறுவர்களை நோக்கி, "உங்கள் ஊரிலுள்ள இடங்களைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள்" என்றோம். எழுதினார்கள். ஊரிலே அருங்காட்சியகம் உண்டாம். நீரூற்றுடன் பூங்கா உண்டாம். ஆற்றின் குறுக்கே அழகிய பாலமும் உண்டாம்! எந்த ஊர் இது? பாடநூல் படத்திலே உள்ள ஊர்! நாள்தோறும் நடந்து வரும் சண்முகம் சாலை ஒரு தாளிலும் இல்லை. காய்கறிக் கடையும் இல்லை, ரயிலடியும் இல்லை.

சிறுவர்மீது குற்றம் சுமத்துவோமா? அவர்களிற் பலர், குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படி ஏறியவர்கள். ஆங்கிலம் என்பது பிறர் ஊரைப் பேசும் மொழி, தன் தெருவும் தன் தந்தையின் தொழிலும் அதில் ஏறத் தகுதியற்றவை என்ற எண்ணம் அவர்கள் நெஞ்சிலே எப்படியோ குடியேறிவிட்டது. இலக்கணப் பிழையைச் சிவப்பு மையால் திருத்தலாம். தன் ஊர் தாழ்ந்தது என்ற பிழையை எந்த மையால் திருத்துவது?

"சொல்லத்தக்கதாக அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்பார் உண்டு. வாருங்கள் தோழர்களே, 1931ஆம் ஆண்டு முதல் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை ஓடும் மின்ரயிலில் ஏறுவோம்.

முதல் நிலையம் சானடோரியம். நாவிலே தவழும் இந்தச் சொல் ஆங்கிலம் என்பதையும் நம் சிறுவர் அறியார்! நலமாக்குதல் எனும் பொருளுடைய இலத்தீன் வேரில் முளைத்த சொல் அது. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே மருத்துவ நிலையம் நிறுவினார். 1937இல் அரசு அதை ஏற்றது. நோய்க்கு முன்வினையைக் காரணம் காட்டிய நாட்டிலே, தூய காற்றையும் நல்லுணவையும் ஓய்வையும் நம்பி எழுந்த இடம் அது.

அடுத்தது குரோம்பேட்டை. குரோமிய உப்பால் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் வந்த பெயர். தோலைத் தொட்டு உழைத்தவனைத் தீண்டத்தகாதவன் என்று தள்ளி வைத்தது சமுதாயம். அந்தத் தொழிலின் பெயரையே நெற்றியில் சூடி நிற்கிறது ஓர் ஊர்! பெயர்ப் பலகையைப் படிக்கும் சிறுவனுக்கு இதைச் சொன்னவர் யார்?

பிறகு பல்லாவரம். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே செம்பூரான் கற்குழியிலிருந்து பழங்கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலேதான் தொடங்கிற்று. அதே ஆண்டில் அவர் சென்றடைந்த அத்திரம்பாக்கத்தின் கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என 2011இல் வெளியான ஆய்வு உரைத்தது. தலபுராணம் நம்பச் சொல்லும். கல்லோ, சோதித்துப் பார் என்று சொல்லும்!

இன்னும் சற்று வடக்கே பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் நோக்கிச் சங்கிலியால் நிலம் அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல் நீண்ட அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே சென்ற பேரளவைதான், பின்னாளில் இமயச் சிகரங்களின் உயரத்தையும் கணித்தது. லாம்டன் பெயர் நூல்களில் உண்டு. வெயிலிலே சங்கிலி சுமந்த நம்மவர் பெயரை எந்தப் பாடநூல் சொல்கிறது?

இத்தனையும் ரயில் தடத்தின் ஓரத்திலே கிடக்க, வகுப்பறையிலே எதைக் கற்பித்தோம்? 1950களில் சென்னை மாநிலத்துப் பள்ளிகளில் பரவிய முறை, வாக்கிய அமைப்புகளை எளியது முதல் அரியது வரை அடுக்கி, வாய்ப்பாடு போல் ஒப்புவிக்கச் செய்தது. ஒழுங்கு இருந்தது, மாணவன் தானாகச் சொல்ல வேண்டிய செய்திதான் இல்லை. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரிலும் தமிழகத்திலும் சில பள்ளிகளில் வேறு வழி கண்டார். ஊர்ப்படத்தையும் ரயில் கால அட்டவணையையும் மாணவர் முன் வைத்து, வழி கண்டுபிடி, நேரம் கணக்கிடு என்றார். கருத்து பொருளில் ஊன்றியிருக்கும்போது இலக்கணம் உள்ளத்தில் படியும் என்பது அவர் துணிபு.

அந்த வழியிலே நாமும் கரும்பலகையில் தாம்பரத்தை வரைந்தோம். ரயிலடிக்கு 'ஆப்போசிட்' எது? மருந்துக் கடைக்கு 'நெக்ஸ்ட் டு' என்ன? பள்ளியிலிருந்து உன் வீட்டுக்கு எனக்கு வழி சொல், பார்ப்போம்! முதலில் தமிழில் பேசிக்கொண்டார்கள். பிறகு ஆங்கிலத்திலே தட்டுத் தடுமாறினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, ரயிலடிக்கு எதிரே தன் தந்தை கொய்யாப்பழம் விற்கிறார் என்று ஆங்கிலத்திலே சொன்னாள். வினைச்சொல்லில் பிழை இருந்தது. ஆனால் குரலிலே தயக்கம் இல்லை! பிழையை மறுநாள் திருத்தினோம்.

மாலை வகுப்பு நடத்தும் தோழர்களே! உங்கள் ஊர்ப் படத்தை நீங்களே வரையுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்டும் சான்றும் தேடுங்கள். அங்கே உழைத்தவர் யார் என்றும் கேளுங்கள். தமிழில் அறிந்ததை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குங்கள். நாளை வேலைக்கான நேர்காணலில் "உன் ஊரைப் பற்றிச் சொல்" என்று கேட்பார்கள். அப்போது நம் பிள்ளை தலை குனிய வேண்டாம். மனிதன் கல்லைக் கோடரியாக்கிய கதையிலிருந்து அவன் தொடங்கட்டும்!