ஒரே வேலைக்கான கணனிகள்: எஞ்சியதைக் காத்தல்

வுச்சீரியா சந்தைப் பக்கம் வாழும் நம்மவர்கள் அறிய வேண்டிய இடமொன்று சிசிலியின் தென்கிழக்கில், பலாட்சோலோ அக்ரெய்டேயில் உண்டு. ‘இயங்கும் கணனியியல் அருங்காட்சியகம்’ என்றே அதற்குப் பெயர். சாதாரண பழைய கணனி பழுதானால் உதிரிப்பாகத்துக்கு அதே வகையில் இன்னொன்றைத் தேடலாம். ஒரே வேலைக்கென ஒருசிலவே கட்டப்பட்டவற்றுக்கு அந்த வழியில்லை.

கொலோசஸ் அப்படிப்பட்டது. ஜேர்மனியரின் லோரன்ஸ் இரகசியக் குறியீட்டை உடைப்பதற்காகப் பிரித்தானியத் தபால் திணைக்களப் பொறியியலாளர் டொமி பிளவர்ஸ் வடிவமைத்தார். யுத்தம் முடிகையில் பத்து இயங்கின. பின்னர் எட்டு உடைக்கப்பட்டன. மற்ற இரண்டும் 1960 அளவில் போயின. ஆவணங்களை எரிக்கும்படி பிளவர்ஸுக்கே உத்தரவு வந்தது. 1993இல் டோனி சேல் மீளக்கட்டத் தொடங்கியபோது கிடைத்தவை 1945ஆம் ஆண்டின் எட்டுப் படங்களும், பொறியியலாளர் சிலர் விதியை மீறி வீட்டில் வைத்திருந்த மின்சுற்று வரைபடத் துண்டுகளும்தான். விதிமீறல் இவ்வளவு உதவுவது அபூர்வம். 2007இல் அது மீண்டும் குறியீட்டை உடைத்தது.

அப்படியொரு சாதனம் உங்கள் கைக்கு வந்தால் உடனே மின் கொடுக்காதீர்கள். பற்றரி கசிந்து செப்புத் தடங்களை அரித்திருக்கக்கூடும். முதலில் அதைக் கழற்றுங்கள். நினைவகச் சில்லுகளில் உள்ளதைப் பிரதியெடுங்கள். கூடவரும் கடதாசி எதையும் எறிய வேண்டாம்.