தஞ்சை விமானத்தில் அறுந்த கயிறு

1804இல் வில்லியம் லாம்டன் பெங்களூருக்கு அருகே ஏழு மைலுக்கும் மேற்பட்ட அடிக்கோடு ஒன்றை அளந்தார். சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்கிட்டு வந்த நீளத்திற்கும் நேரில் அளந்த நீளத்திற்கும் நான்கு அங்குல வேறுபாடுகூட இல்லை. அத்துல்லியத்திற்குத் துணைநின்றது, லண்டனில் கேரி செய்த, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி.

காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னைகள் பார்வையை மறைத்தன. ஆகவே கோயில் கோபுரங்களே அளவை மேடைகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் கருவியை ஏற்றுகையில், அதைச் சுவரில் மோதாதபடி விலக்கிப் பிடித்திருந்த பக்கக் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்தது. ஆறு வாரங்கள் கூடாரத்தினுள் உழைத்து, ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றால் லாம்டன் அதை மீண்டும் வடிவுக்குக் கொணர்ந்தார்.

இந்நிகழ்வு ஒரு விதியைத் தெளிவாக்குகிறது. கைப்பிடியின் ஆரம் உருளையின் ஆரத்தைப்போல் 4 மடங்காகவும், பற்சக்கர விகிதம் 5:1 ஆகவும் அமைந்த கைவின்ச்சில் விசை 20 மடங்கு பெருகும். உராய்வை விலக்கிப் பார்த்தால், 500 கிலோவைத் தூக்க 25 கிலோ விசை போதும். ஆயினும் அப்பெருக்கம் கையின் உழைப்பைக் குறைக்குமேயன்றிக் கயிற்றின் சுமையைக் குறைக்காது. ஒற்றைக் கயிற்றில் தூக்கினால் அக்கயிறு முழு எடையையும் தாங்கும். பக்கக் கயிற்றின் சுமையோ கோணத்தோடு மாறும்.

மரக்கிளையை இறக்கும் கயிற்றுக் கட்டுக்கும் இதுவே கணக்கு. பொறியின் தூக்குதிறன் மட்டும் காப்பாகாது. அறுந்தால் சுமை எங்கே சென்று மோதும் என்று கருதியே ஒவ்வொரு கயிற்றையும் தெரிவு செய்தல் வேண்டும்.